புரிந்ததா என்று கேட்காதீர்கள்

ஓசூருக்கு நான் வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு மாற்று வேட்டியும் ஐந்தாம் வகுப்புப் படிப்பும்தான். போச்சம்பள்ளிப் பக்கம் எங்களுக்கு இருந்தது மானாவாரி நிலம், அதுவும் கைவிட்டுவிட்டது. இன்றைக்குத் தொழிற்பேட்டையில் எனக்கு மூன்று ஷெட், பதினோரு லேத், இரண்டு சிஎன்சி மெஷின். இருபத்தாறு குடும்பம் அதில் சாப்பிடுகிறது. ஜூஜுவாடியில் மாடி வீடு. எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைந்த ஷாஃப்ட்டை விரலால் தடவிப் பார்த்தே எங்கே பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பாடுபட்டவன் சொல்லிக்கொள்ளலாம். இத்தனையும் செய்த நான், போன ஆடிக் கிருத்திகை அன்று என் மனைவியை என் கையாலேயே பறிகொடுக்கப் பார்த்தேன்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையில் அடங்காமல் ஊசிக்கு மாற்றினார்கள். ஓசூரில் நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா சின்ன வயசு, தெற்குச் சீமைக்காரர். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் பாதி இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார். மீல் ஸ்கிப் பண்ணினால் டோஸ் ஸ்கிப், இல்லையென்றால் ஹைப்போ ஆகிவிடும் என்று ஏதோ வந்தது. "புரிஞ்சுதுங்களா ஐயா?" என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. என் பட்டறை ஆபரேட்டர் ஒருவன் தன் அம்மாவோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் காதுபட முதலாளி "அப்படின்னா என்னங்க?" என்று கேட்பதா? தலையாட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான் சங்கு ஊதினால் மெஷின் முன்னால் நிற்கிற ஆள். காலை ஏழரைக்கு ஊசி என்றால் ஏழரைக்கு ஊசி, நானே போடுவேன். ஆடிக் கிருத்திகை வந்தது. வருஷா வருஷம் அன்றைக்கு அவள் பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர்தான் குடிப்பாள். தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள் ஊசியைப் பார்த்துத் தயங்கினாள்.

"ஏனுங்க, இதப் போட்டா வெரதம் கெட்டுப் போயிராதா?"

"இது மருந்து. சோறா?" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் யோசித்தது விரதத்தைப் பற்றி மட்டும்தான். போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் போன் செய்தாள். "மாமா, அத்தை கூப்பிட்டா முழிக்கறாங்க, பேச்சு வரல. சேலையெல்லாம் வேர்வைல நனைஞ்சு கெடக்குது." நான் அட்டிபெலே செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டிய லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வீடு போவதற்குள், அந்தப் பெண்ணே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். நான் அங்கே ஓடியபோது குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மனைவியின் கை ஐஸ் மாதிரி இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் என் மூன்று ஷெட்டும் எனக்கு வெறும் தகரமாகத் தெரிந்தது.

அவள் கண் திறந்து என்னை அடையாளம் கண்ட பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் அம்மாவிடம் சத்தம் போட்டேன், சாப்பிடாத நாளில் போடக்கூடாது என்று ஏன் சொல்லவில்லை என்று. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து அவரும் சாப்பிடவில்லை போலிருந்தது.

"சொன்னேங்க ஐயா. ஆனா உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லல. அம்மா விரதம் இருப்பாங்களான்னு கேக்கவும் இல்ல. அது என் தப்பு."

அப்படிச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்குப் புரியாமலே தலையாட்டினேன் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அதோடு என் பட்டறை வழக்கத்தையும் சொன்னேன்.

"அம்மா, எங்கிட்ட புதுசா ஒருத்தன் வந்தா 'புரிஞ்சுதா'ன்னு கேக்கவே மாட்டேன். கேட்டா எல்லாவனும் மண்டைய ஆட்டுவான். 'என்ன பண்ணப் போற, நீ சொல்லு' அப்படிம்பேன். அவன் வாயால வந்தாத்தான் சுவிட்ச்சத் தொட விடுவேன். ஒருத்தன் வெரலு போன பொறவு வச்ச பழக்கம் இது."

டாக்டர் அம்மா சிரித்தார். "அப்ப சொல்லுங்க. நாளைக்கு அம்மா சாப்பிடலன்னா என்ன பண்ணுவீங்க?"

"பாதி ஊசி போடுவேன்" என்றேன். தப்பு. மறுபடி நிதானமாக விளக்கினார்: வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், அதுதான் ஹைப்போ; சாப்பாடு இல்லையென்றால் இந்த ஊசி இல்லை, விரதம் என்றால் முந்தின நாளே அவரைக் கேட்க வேண்டும். அப்படியே திருப்பிச் சொன்னேன். கட்டிலிலிருந்து என் மனைவி, "ஊரையே வேல வாங்கறவரு, ஒப்பிக்கறதப் பாரு" என்றாள். அந்தக் கிண்டலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அதிலிருந்து அந்த டாக்டர் அம்மா வருகிறவர்களையெல்லாம் திருப்பிச் சொல்ல வைக்கிறார். கன்னடம் பேசுகிறவர்களைக் கன்னடத்திலேயே சொல்ல விடுகிறார். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகிறது, வெளியே முணுமுணுக்கிறார்கள். நான் அங்கே இருந்தால், "பொறுங்கய்யா, உசுரு வெசயம்" என்று அடக்குவேன். இப்போது அறைக்கு வெளியே பலகையே வைத்துவிட்டார்கள்: 'டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செல்லவும்.' நிர்வாகத்தின் புது ஏற்பாடாம்.

நிர்வாகத்திடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன், இதைப் படிக்கிற உங்கள் முன்னாலும் கேட்கிறேன். அது லேத் பட்டறையிலிருந்து வந்த வழி என்று பலகையின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும். தலையாட்டிய தப்பும் என்னுடையது, வழி சொன்னதும் நான்தான். இரண்டையும் சேர்த்தே எழுதட்டும், படிக்கிற இன்னொரு வீம்புக்காரனாவது வெட்கப்படாமல் வாய் திறந்து கேட்பான்.