எந்த மாநிலம்?

மாலை. டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்குகிறேன். அமெரிக்காவுக்குத் திரும்பியதும் அதிபர் தேர்தலுக்காகப் பென்சில்வேனியாவில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கப்போவதாகக் கடைக்கார அக்காவிடம் பெருமையடிக்கிறேன். அந்த மாநிலம் எந்தப் பக்கமும் சாயலாம்.

"என்ர தம்பியும் அமெரிக்காதான். அவனிட்ட ஓட்டுக் கேட்டு ஒருத்தரும் வாறேல்லையாம். நீங்கள் ஒருக்காக் கதையுங்கோவன்."

சொல்லிக்கொண்டே தம்பியைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போடுகிறார்.

"எந்த மாநிலம்க்கா?"

"கலிபோர்னியா."

"அங்க யார் ஜெயிப்பாங்கன்னு இப்பவே தெரியுமே. அவர்கிட்ட பேசி என்ன ஆகப்போகுது?"

"விளங்குது அண்ணை," என்கிறது போனிலிருந்து ஒரு பணிவான குரல்.

அக்கா போனை நீட்டியபடியே நிற்கிறார். வாங்கக் கை வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.