கையைத் தூக்கியவர்கள்

நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்களின் மேசை சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் உறுப்பினர்கள் அத்தனை பேர் முகமும் தெரியும். வதாத் முப்பத்தோரு வருஷம் அங்கே உட்கார்ந்தாள். யார் எந்தச் சொல்லில் திக்குவார், யார் பதில் தெரியாதபோது கண்ணாடியைத் துடைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சண்டை நடந்த வருஷங்களில்கூட, எந்தத் தெரு திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு நடந்தே வேலைக்கு வந்துவிடுவாள்.

அவள் தம்பி தனியோஸ் மலைமேல் அய்ன் மர்வாவில் இருந்தான். எதிர் மலையில் கல்குவாரி. மூன்று வருஷமாக அவனுக்கு இருமல் நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் வதாத் அங்கே போவாள். அவன் மனைவி நஜ்லா ஆலிவ் மரத்து இலைகளைக் கிள்ளிக் காட்டுவாள். குவாரித் தூசி படிந்து, மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுத்திருக்கும்.

குவாரிகள் வீடுகளிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. அதை முதலில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. குழு கூடினால் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே பேசுவது வெளியே போகக் கூடாது என்று வதாத் வேலையில் சேர்ந்த நாளிலேயே கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பேச எழுந்தவர் நௌஃபல், அய்ன் மர்வாவின் உறுப்பினர்.

"ஆயிரத்தைந்நூறு எதுக்குங்க? முந்நூறு தாராளம். என் ஜனங்களே வேலை போயிடும்னு அழறாங்க."

வதாத்தின் பென்சில் நிற்கவில்லை. ஒரு சொல் விடாமல் எழுதினாள். அது அவள் வேலை.

பிறகு மசோதா சபைக்கு வந்தது, முந்நூறு மீட்டரோடு. "ஏற்பவர்கள் கை தூக்குங்கள்" என்று சபாநாயகர் சொல்லி வாய் மூடுவதற்குள் "ஏற்கப்பட்டது" என்றும் சொல்லியாயிற்று. யாரும் எண்ணவில்லை. நௌஃபலின் கை தூக்கியிருந்ததை வதாத் பார்த்தாள். குறிப்பில் அவள் எழுத முடிந்தது ஒரே சொல்: ஏற்கப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை தனியோஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"நௌஃபல் உஸ்தாத் நேத்து ஊருக்கு வந்திருந்தாருக்கா. ஆயிரத்தைந்நூறுக்காக ஒத்தை ஆளா நின்னு கத்தினாராம். மத்தவனுங்கதான் கவுத்துட்டானுங்க."

வதாத் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

ஊரார் சும்மா இருக்கவில்லை. தகவல் கேட்கும் சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார்கள்: குழுவில் யார் என்ன பேசினார்கள், சபையில் யார் கை தூக்கினார்கள். நூற்றுப்பன்னிரண்டு கையெழுத்து. தனியோஸே பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. குழுக் குறிப்புகள் ரகசியமானவை. சபையில் பெயர் வாரியாக வாக்கெடுப்பு நடக்காததால் அப்படியொரு பதிவே இல்லை.

இரண்டும் உண்மை என்று வதாத்துக்குத் தெரியும்.

"நம்ம உஸ்தாத் பேர் அதுல நல்லா இருக்கும். அதான் காட்ட மாட்டேங்கறானுங்க" என்றான் தனியோஸ்.

நஜ்லா விடவில்லை. "அண்ணி, நீங்க அங்கயேதானே உக்காந்திருக்கீங்க? நீங்க சொல்லுங்களேன்."

வதாத் சொல்லிவிட்டாள். முந்நூறு மீட்டர், அழுகிற ஜனங்கள், தூக்கிய கை, எல்லாவற்றையும். குழுவில் பேசியதை அவள் வெளியே சொன்னது முப்பத்தோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

தனியோஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "காகிதம் இருக்கா?"

"அதை எழுதினதே நான்தான்டா."

"சரி, கொண்டா."

"உள்ள வெச்சுப் பூட்டியிருக்கு."

"அப்புறம் யாருக்கா நம்புவா? அவர் மேல உனக்கு என்ன கோபம்? பதவி உயர்வுக்குச் சிபாரிசு பண்ணலைங்கறதாலயா?"

நஜ்லா அவன் முழங்கையைப் பிடித்தாள். வதாத் அன்று மதியச் சாப்பாட்டுக்குத் தங்கவில்லை.

ஆனாலும் அது தனியோஸை அரித்திருக்க வேண்டும். ஒரு துக்க வீட்டில் நௌஃபலைப் பார்த்தபோது, யாரோ சொன்னதாகச் சொல்லி முந்நூறு மீட்டர் பற்றிக் கேட்டுவிட்டான். நௌஃபல் அவன் தோளில் கை போட்டாராம். "குறிப்பைத் திறக்கச் சொல்லுங்க தனியோஸ். மொத கையெழுத்து நான் போடறேன்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

மறுவாரம் நாடாளுமன்றத்து நடையில் நௌஃபல் அவளைப் பார்த்து நின்றார். "தம்பிக்கு இருமல் எப்படி இருக்கு, மிஸ் வதாத்? ஏதாவது உதவின்னா கூச்சப்படாம கேளுங்க." உண்மையான அக்கறை மாதிரிதான் இருந்தது.

பனிக்காலத்தில் தனியோஸுக்கு மூச்சுத் திணறியது. மூன்று மருத்துவமனைகளில் படுக்கை இல்லை என்றார்கள். நான்காவது வாசலில், காருக்குள், அவன் உதடு நீலம் பாரித்தது. நஜ்லா கைபேசியை எடுத்து வதாத்தின் மடியில் வைத்தாள்.

வதாத் நௌஃபலைக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் படுக்கை கிடைத்தது.

மூன்றாம் நாள் தனியோஸால் பேச முடிந்தது. "பாத்தியாக்கா? நீ அவரை என்னென்னவோ நெனச்சே." குழாய் செருகிய மூக்கோடு அவன் புன்னகைத்தான். "ஒரு நன்றி சொல்லிடு. என்னால சத்தமா பேச முடியல."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். வதாத் ஜன்னலோரம் போய் எண்ணை அழுத்தினாள்.

"ரொம்ப நன்றி, உஸ்தாத்" என்றாள்.