ஆவுளியாவின் கைக்குழந்தை

போன வாரம் ஒரு குழந்தையை வெட்டி எடுக்கச் சம்மதம் சொன்னேன். பதறாதீர்கள்... கல் குழந்தைதான்!

எங்கள் தூத்துக்குடி கடற்கரைப் பூங்காவுக்கு மூன்று கற்சிலைகள். ஆமை, கூழைக்கடா, ஆவுளியா. ஆவுளியா தெரியுமல்லவா? நம் கடலில் புல் மேய்கிற கடல் பசு. சிலைகளைப் பார்த்துச் சரி சொல்ல ஒரு கமிட்டி. பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி என்னையும் சேர்த்துவிட்டார்கள்!

வெள்ளிக்கிழமை மாலை போனோம். ஆமை பிரமாதம். கூழைக்கடா அதைவிட. ஆவுளியாவிடம் வந்ததும் கமிட்டியிலிருந்த இன்ஜினீயர் நின்றுவிட்டார். தாய் ஆவுளியா தன் துடுப்புக் கையால் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது.

"மீன் மாதிரி நீந்துற பிராணி புள்ளைய இடுக்கிட்டுப் போகுமாய்யா? நீரு ஆவுளியாவைப் பாத்திருக்கீரா?"

சிற்பி சுடலைமுத்து தாமிரபரணிக் கரையில் வயல் சூழ்ந்த ஊர்க்காரர். பொய் சொல்லத் தெரியாதவர். "போட்டோவுலதான் சார் பாத்தேன். குட்டி நானா வச்சது."

போதாதா? ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரித்தால்? குட்டியைக் கொத்தி எடுத்துவிடலாம் என்றார் இன்ஜினீயர். கமிட்டி தலையாட்டியது. என் தலையும்தான்.

சுடலைமுத்து உளியைக் குட்டியின் கழுத்தருகே வைத்தார். சுத்தியலை ஓங்கினார். இறக்கினார். மறுபடி ஓங்கினார்... எனக்கு வேறு பக்கம் பார்க்கத் தோன்றியது.

"நிறுத்தும்வே!"

வேலிக்கு அந்தப் பக்கம் சந்தியாகு. சங்கு குளிக்கிறவர். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களிலும் கடலுக்குள் இறங்கியவர். ஈர வேட்டியோடு வேலியைத் தாண்டி வந்து சிலையை ஒரு சுற்று சுற்றினார். குட்டியின் முதுகைத் தடவினார்.

"என்னத்துக்கு சார் இத எடுக்கச் சொல்லுதீய? நான் கண்ணால கண்டிருக்கேன். மூச்சு வாங்க மேல வரும்போது தாயி குட்டிய இப்பிடித்தான் அணைச்சிட்டு வரும். பால் குடுக்குததும் இப்பிடித்தான்."

இன்ஜினீயர் என்னைப் பார்த்தார். நான் ஆமையைப் பார்த்தேன்!

"அப்ப... இருக்கட்டும்" என்றார் இன்ஜினீயர். சுடலைமுத்து உளியை வீசிவிட்டுச் சந்தியாகுவைக் கட்டிக்கொண்டார். ஈரமாவது ஒன்றாவது!

"பாக்காமலே எப்பிடிவே செஞ்சீரு?" என்று கேட்டார் சந்தியாகு.

சுடலைமுத்துவுக்கு வெட்கம். "எம் பொஞ்சாதி ஆத்துல புள்ளைய இப்பிடித்தான் இடுக்கிட்டுக் குளிப்பா அண்ணாச்சி. அதத்தான் கல்லுல வச்சேன்."

கடலைப் பார்த்தே வளர்ந்த ஊரில் ஐந்து பேர் கமிட்டி போட்டும் தெரியாத விஷயம், கடலில் கால் நனைக்காத மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களை ஆசையாகப் பார்க்கிறவனுக்குத் தூரத்தில் இருப்பதும் பிடிபடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சரியான கூட்டம். சந்தியாகு தன் தெருவையே திரட்டி வந்திருந்தார். பிள்ளைகள் ஆமை மேல் ஏறி இறங்கினார்கள். ஆவுளியா முன்னால் சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாள், இடுப்பில் குழந்தையோடு. கணவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிலையின் பருத்த மூக்கையும் தொங்கும் உதட்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல காலம்... மூஞ்சிக்காவது போட்டோவப் பாத்தீயளே!"