டப்பாவில் எட்டாவது பொருள்

1. சோறில்லாத சாப்பாடு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் கெஸ்ட் ஹவுசில் இருபத்தாறு வருடம் சமையல்காரியாக இருந்தேன். இப்போது கேட்டரிங் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் ரெசிப்பி கேட்கிறார்கள். ஒரு ரெசிப்பி சொல்கிறேன். அதோடு சேர்த்து நான் செய்த ஒரு தப்பையும் சொல்லப்போகிறேன். இரண்டையும் தனித்தனியாக என்னால் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசி. கெஸ்ட் ஹவுஸ் மாடியில், கீழே மிளகு கோடவுனும் சமையல்கட்டும். கப்பலில் ஏறப்போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் இரண்டு நாள், மூன்று நாள் தங்குவார்கள். குரியன் சார் மட்டும் மூன்று வாரம் தங்க வந்தார். கப்பலில் சீஃப் எஞ்சினியர், அதனால் எல்லோருக்கும் அவர் ‘சீஃப்’தான். கோட்டயம் பக்கத்து ஆள். தமிழ் ஆட்களோடு இருபது வருடம் எஞ்சின் ரூமில் கிடந்ததால் தமிழும் பேசுவார். சர்க்கரை வியாதி. இடது கால் பெருவிரலில் ஆறாத புண். மூன்று வாரத்தில் சர்க்கரை இறங்கிப் புண் காயவில்லை என்றால் விரலை எடுக்க வேண்டும் என்று எறணாகுளம் டாக்டர் சொல்லியிருந்தார். பெருவிரல் இல்லாதவனை எஞ்சின் ரூம் ஏணியில் எந்தக் கம்பெனியும் ஏற்றாது. இதெல்லாம் மேனேஜர் பாஸ்கரன் சார் எனக்கு முதலிலேயே சொல்லிவிட்டார்.

வந்த அன்றே சீஃப் சமையல்கட்டுக்குள் நொண்டிக்கொண்டு வந்தார்.

"கனகம்மே, எனக்குச் சோறு வேண்டா. ரொட்டியும் வேண்டா. மாட்டிறைச்சி மெலிசா அரிஞ்சு, இரும்புக் கல்லுல பொரிச்சு, மேல சீஸ் உருக்கித் தரணும்."

"அதைத் தொட்டுக்க என்ன சாரே?"

"தொட்டுக்க ஒண்ணும் இல்லே. அதுதான் சாப்பாடு."

நான் அதிர்ந்தே போனேன். இறைச்சிமேல் சீஸா? அதுவும் சோறில்லாமலா?

அவர் விளக்கினார். அமெரிக்காவில் ஒரு துறைமுகத்து முக்கில் நீள ரொட்டிக்குள் இதை வைத்துத் தருவார்களாம். இருபது வருடம் தின்றிருக்கிறார். அங்கேயே ஒரு டாக்டர், "ரொட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னு" என்று சொல்லியிருக்கிறார். ரொட்டிக்குப் பதிலாக நம்மூர்த் தொண்டன் முளகில், அதாவது பஜ்ஜி மிளகாயில், அடைத்துத் தர முடியுமா என்பதுதான் சீஃபின் கேள்வி.

அடுத்தது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. "சனிக்கிழமை ஒரு நாள் செஞ்சு பன்னிரண்டு டப்பாவிலே அடைச்சு ஃப்ரிட்ஜிலே வை. தினம் ரெண்டு வீதம் ஆறு நாள். ஞாயிறு ரெண்டு முட்டை மதி, அது போதும்."

ஒரு வாரச் சாப்பாட்டை ஒரே நாளில் சமைப்பதா! காலையில் வைத்த மீன்குழம்பை மாலையில் நீட்டவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் சீஃப் எஞ்சினியர் மூளை. எதுவும் அளவாக இருக்க வேண்டும், தினம் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஏன் சோறு கூடாது, ஏன் ரொட்டி கூடாது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சர்க்கரை வியாதி என்றால் சர்க்கரை போடக்கூடாது, அவ்வளவுதான் என் படிப்பு.

2. செய்முறை

அண்டர்கட், அதாவது மாட்டின் முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற துண்டு, வாங்க வேண்டும். இளம் இறைச்சியைக் கத்தி வழுக்காமல் மெலிசாக அரிவது லேசில்லை. அதனால் இறைச்சியை வாழையிலையில் சுற்றி, மீன்காரர்களுக்கு ஐஸ் அடிக்கும் கம்பெனியில் வாங்கிய தூள் ஐசில் ஒரு பிடி கல்லுப்பு போட்டுப் புதைத்து வைப்பேன். ஒரு மணி நேரத்தில் சோப்புக் கட்டி மாதிரி விறைத்துவிடும். அப்புறம் மீன் கத்தியால் நரம்புக்குக் குறுக்கே சீவினால் காகிதம் மாதிரி வரும்.

தோசைக்கல் புகைய வேண்டும். இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், பொரியாது. கொஞ்சம் வெங்காயம், மிளகு, உப்பு, எண்ணெய். மிளகாயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, கீறி, விதை எடுத்து, இறைச்சியை அடைக்க வேண்டும். டப்பாவுக்கு மூன்று. டின் சீசைத் தனியாகத் துருவி வைத்து, சூடு பண்ணும்போது மட்டும் மேலே தூவி மூடி போட வேண்டும். ஆறு டப்பா ஃப்ரிட்ஜ் தட்டில், ஆறு டப்பா மேலே ஐஸ் அறையில். இதுதான் ரெசிப்பி. எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. சமைப்பேன், வாயில் வைக்க மாட்டேன். உப்பு கூடியதா குறைந்ததா என்பதை ஆவியிலேயே பிடித்துவிடுவேன். அந்தத் தெருக்களில் என்னைப் போன்ற தமிழ்ச் சமையல்காரிகள் பல பேர் அப்படித்தான் பிழைத்தோம். ருசி எப்படி இருக்கிறது என்பதைச் சாப்பிடுகிறவர் முகத்தில்தான் பார்ப்போம்.

முதல் வாரம் சீஃபின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமைக்கே டப்பாவின் அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. இறைச்சி விறைத்திருந்தது. கஷாயம் குடிப்பதுபோல விழுங்குவார், பாதியை வைத்துவிடுவார். மிச்சம் வைத்த தட்டைக் கழுவுவது மாதிரி ஒரு அவமானம் சமையல்காரிக்குக் கிடையாது. போதாததற்கு எனக்குப் பரிதாபம் வேறு. ஒரு மனுஷன் பருக்கை சோறு இல்லாமல் வெறும் இறைச்சியைத் தின்று எப்படித் தெம்பாக இருப்பான், புண்தான் எப்படி ஆறும்?

ஹோட்டல் சமையலில் தண்ணீர் விட்ட கறிக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. காய்ந்த கப்பையை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, இடித்த மாவைத் தூவினால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கறி மெத்தென்று ஆகிவிடும். வயிற்றிலும் நிற்கும். கப்பை சோறும் இல்லை, ரொட்டியும் இல்லை. கிழங்குதானே! இரண்டாவது சனிக்கிழமை டப்பாவுக்கு ஒரு பிடி வீதம் கலந்தேன்.

திங்கட்கிழமை சீஃப் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"கனகம்மே! அங்கே கூட இது மாதிரி தின்னதில்லே. என்ன செய்தே?"

"கைப்பக்குவம் சாரே" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஒரு பிடியை ஒன்றரைப் பிடியாக்கினேன்.

3. செங்கல் நிறம்

சீஃபின் மேஜையில் ஒரு ஸ்பிரிட் விளக்கும் கண்ணாடிக் குழாயும் நீல நிற மருந்துப் புட்டியும் இருக்கும். காலையில் அதில் ஏதோ காய்ச்சுவார். குடிக்கிற மருந்து என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை பாலும் சர்க்கரையும் போடாத கட்டன் காப்பியோடு போனபோது அவர் குழாயைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். நீலம் கண்ணெதிரே பச்சையாகி, மஞ்சளாகி, சுட்ட செங்கல் நிறத்தில் போய் நின்றது. சீஃப் அதைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என்ன சாரே?"

"மூத்திரத்திலே சர்க்கரை இருந்தா நிறம் மாறும். நீலமா நின்னா சர்க்கரை இல்லே. சிவந்தா நெறைய. முதல் வாரம் பச்சைக்கு இறங்கிச்சு, ஞான் சந்தோஷப்பட்டேன். இப்போ பாரு. உனக்குத் தெரியாம மூணு ராத்திரி டப்பாவிலே பாதியை ஜன்னல் வழியாக் கொட்டிட்டேன். பட்டினி கிடந்தும் ஏறுது. எங்கேருந்து வருதுன்னே மனசிலாகலே."

"ஒரு துளி சர்க்கரை போடலே சாரே. சத்தியமா போடலே."

"நீ போடமாட்டே, தெரியும். சர்க்கரைன்னா வெள்ளைச் சர்க்கரை மட்டுமில்லே. அரிசி, கோதம்பு, கப்பை, எல்லாம் வயித்துக்குள்ளே போனா சர்க்கரைதான். அதனாலேதானே இந்த மிளகாய்க் கூத்து!"

காப்பி என் கையில் கொட்டியது. சுட்டது கூட உறைக்கவில்லை. கப்பை சர்க்கரையாகுமா? உப்புப்போட்டு அவித்து மீனோடு தின்கிற கப்பையா? மூன்று வாரமாக அவர் காப்பியில் சர்க்கரை போடாமல் காத்தவள் நான். டப்பாவுக்குள் ஒன்றரைப் பிடி வீதம் அடைத்தவளும் நான்தான்.

கீழே ஓடினேன். மாவு டின்னைத் திறந்து பார்த்தேன். பாதி காலி. டப்பாக்களில் மிச்சமிருப்பது போக மற்றதெல்லாம் அவர் உடம்புக்குள் போயிருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் டின்னைத் தூக்கிக்கொண்டே மாடி ஏறினேன்.

"சாரே, இதைத்தான் கலந்தேன். தண்ணி கட்டுதுன்னு கலந்தேன். நீங்க நல்லாச் சாப்பிட்டீங்கன்னு இன்னும் கலந்தேன்."

அவர் திட்டுவார், டின்னைத் தூக்கி எறிவார் என்று நின்றேன். அவர் ஒரு விரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கப்பை தின்னு வளர்ந்தவன் ஞான். என் நாக்கு எங்கே போச்சு கனகம்மே!"

அவ்வளவுதான் சொன்னார். மீதி இருந்த டப்பாக்களை அப்போதே கொட்டினேன். மாவில்லாமல் புதிதாகச் செய்தேன்.

4. சீஃப் சொன்ன பொய்

வியாழக்கிழமை டாக்டர் கெஸ்ட் ஹவுசுக்கே வந்தார். புண்ணைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். எலும்பு வரைக்கும் போய்விட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார். பாஸ்கரன் சாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"சர்க்கரை எப்படி ஏறிச்சு? சமையல்கட்டிலே என்ன நடக்குது? கனகம்மே, என்ன கொடுத்தே?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சீஃப் முந்திக்கொண்டார்.

"அவளைக் கேக்காதே. தப்பு என்னோடது. பள்ளுருத்தியிலே ஒரு சாயாக்கடை. தினம் ஆட்டோவிலே போயி பொரோட்டா தின்னேன். ஆசை அடங்கலே."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். படித்தவர், பெரிய உத்தியோகம், இப்படியா நாக்குக்கு அடிமையாவது என்று என் முன்னாலேயே அவரை ஏசினார். சீஃப் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது, உண்மைதான். ஆனாலும் அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்றுவரை போகவில்லை. பொய் சொன்னது அவர். அந்தப் பொய்யை வாங்கி மடியில் கட்டிக்கொண்டது நான்.

அன்று சாயங்காலம் பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

5. நீலம்

சனிக்கிழமை டப்பாவோடு படகேறி எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீஃப் கட்டிலில் சாய்ந்திருந்தார். காலில் பெரிய கட்டு. ஜன்னல் ஓரத்தில் ஒரு தம்ளரில் கண்ணாடிக் குழாய் செருகியிருந்தது.

"காலையிலே நர்ஸ் காய்ச்சினது. பாரு" என்றார்.

நீலம். பச்சையின் சாயல்கூட இல்லாத நல்ல நீலம்.

செவ்வாயிலிருந்து சனி. நாலே நாள். என் கை இரண்டு வாரம் சும்மா இருந்திருந்தால் போதும். மாவு இல்லாவிட்டாலும் விரல் போயிருக்கலாம், புண் பழசு என்று சீஃப் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் அந்தக் குழாயைப் பார்த்தவள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சீஃப் டப்பாவைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். ஆறிப்போயிருந்தது, அடியில் தண்ணீர் கட்டியிருந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

திரும்பிப் படகில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். நேராக பாஸ்கரன் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சேலையெல்லாம் வியர்வை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டு வாரமா சீஃப் மாடிப்படி இறங்கினதில்லே. பள்ளுருத்திக்குப் போயி பொரோட்டா தின்னான்னா ஞான் நம்புவேனா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்போ ஏன் சாரே ஒண்ணும் கேக்கலே?"

"நீ வந்து சொல்லுவியான்னு பார்த்தேன். இன்னைக்கும் வரலேன்னா திங்கட்கிழமை உன்னை அனுப்பியிருப்பேன். போ, அடுப்பைப் பாரு. இனிமே டப்பாவுக்குள்ளே என்ன போட்டாலும் எழுதி ஒட்டு."

எனக்குத் தமிழ்தான் எழுத வரும். சீஃபுக்கு அது படிக்க வராது. அதனால் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று நானே வாசிப்பேன். இறைச்சி, மிளகாய், வெங்காயம், மிளகு, உப்பு, எண்ணெய், சீஸ். ஏழு. இன்னும் ஒரு மாதம் எங்களோடு இருந்தார். அப்புறம் கோட்டயம் போய்விட்டார், கப்பலுக்குத் திரும்பவே இல்லை. இருந்த நாளெல்லாம் நான் வாசித்து முடித்ததும் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "எட்டாவது?" என்று கேட்பார்.

பிள்ளைகளே, ருசி கூட்டுங்கள், கைவைத்தியம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் ஒரு பிடி எதையும் போடாதீர்கள், அது பிரியத்தில் போடுகிற பிடியாக இருந்தாலும்கூட. இன்றைக்கும் எந்த டப்பாவை மூடினாலும் என் வாய் தானாகச் சொல்லும், "எட்டாவது இல்லே சாரே."