நிஸாம் நானாவின் பிறைப் படம்

நிஸாம் நானா போய்விட்டார்.

காலையில் ரயிலில் வரும்போது ஒபிஸ் குரூப்பில் பார்த்தேன். வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டி வருவதற்குள் நாலு தரம் வாசித்தேன்... வேறு யாரோ ஒரு நிஸாமாக இருக்கட்டும் என்று.

இல்லை. எங்கள் நிஸாம் நானாதான். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் பதினாறு வருடம் எனக்குப் பக்கத்து மேசை.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். போட்டோ. அதிலும் நிலா.

இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் அழகு. அவர் எடுத்த முதல் நிலாவை டீ குடிக்கும்போது பெருமையாகக் காட்டினார். கறுப்புக்கு நடுவில் ஒரு வெள்ளை மருந்துக் குளிசை.

“நானா, இது நிலாவா, தெரு லைட்டா?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நல்லாக உற்றுப் பார்த்தார். “சத்தியமா எனக்கும் வெளங்கல்ல தங்கச்சி” என்றார்.

வானம் இருட்டு என்பதால் கெமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, நாம்தான் குறைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று பௌர்ணமி போனது. முதல் தடவை நிலாவில் பள்ளங்கள் தெரிந்த அன்று இரண்டு கிழட்டுப் பிள்ளைகள் போலக் கத்தினோம். மனேஜர் எட்டிப் பார்த்தார்.

பிறகு எடிட்டிங் பிடித்தது. நானா எதையும் அளவோடு செய்யமாட்டார். நீலத்தைக் கூட்டு கூட்டென்று கூட்டுவார். “இது தெஹிவள கடலா, மாலைதீவா?” என்று அவருடைய மனைவியே கேட்டாராம். எல்லாப் படத்துக்கும் மூலையில் தன் பெயரை வேறு போட்டுக்கொள்வார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஒன்பது வருடமாக எழுதாதது.

நோன்பு மாதம். இருபத்தொன்பதாவது நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பிறை பார்க்க நானாவின் பள்ளிவாசலில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய லென்ஸ் இருக்கிறது, பொய் சொல்லாத மனிதர். அதில் அவருக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் தெஹிவளைக் கடற்கரையில் நின்றார். ஒரே மேகம். சூரியன் இறங்கின கடலை மட்டும் எடுத்து எனக்கு அனுப்பினார். “ஒண்டும் தெரியல்ல தங்கச்சி.”

எனக்கு ஒரு கெட்டித்தனம். இன்னொரு மாதம் எடுத்த பிறையை வெட்டி அந்தக் கடலுக்கு மேலே வைத்தேன். ஓரம் தெரியாமல் அப்படிப் பொருந்தியது... “இந்தாங்கோ நானா, உங்கட பிறை” என்று எழுதி எங்கள் போட்டோ குரூப்பில் போட்டேன்.

சும்மா சீண்டத்தான். பிறை அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

யாரோ படத்தை மட்டும் போர்வர்ட் பண்ணினார்கள். நான் எழுதியது போகவில்லை. மூலையில் நானாவின் பெயர் போனது.

அரை மணித்தியாலத்தில் தெஹிவளையில் வெடி கொளுத்தினார்கள். சில வீடுகளில் பெருநாள் சமையல் தொடங்கிவிட்டது. நானா எனக்குக் கோல் எடுத்தபோது பின்னால் வெடிச்சத்தம் கேட்டது.

“ஐயோ நானா, நான் பள்ளிக்கு வந்து சொல்றன்” என்று அழுதேன்.

“வாணாம். நோம்பு காலத்துல தமிழ்ப் புள்ள ஒண்டு வெளாடிட்டு எண்டு செல்லுவாங்க. தமிழ், முஸ்லிம் எண்டு கத வேற பக்கம் போகும். நீங்க வாய மூடிக்கொண்டு இரிங்க.”

பள்ளிவாசலில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி நின்று, “என்ட படம். எடிட் பண்ணினது. மன்னிச்சிக்கொள்ளுங்க” என்றாராம். ஒரு சொல்லும் பொய் இல்லை. யார் செய்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

வானொலியில் பிறை தென்படவில்லை என்று அறிவித்தார்கள். முப்பது நோன்பும் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பிறை பார்க்க நானாவை யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, இன்னொரு நோன்பு மாதம், இருபத்தொன்பதாவது நாள். வேலை முடிந்து வரும்போது வெள்ளவத்தை ஸ்டேஷனில் என்னோடு இறங்கிக் கடல் பக்கம் கெமராவைத் திருப்பினார். தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. அசல் பிறை.

“பள்ளிக்குக் கோல் எடுங்கோ நானா!”

“என்ட வாயால வந்தா நம்ப மாட்டாங்க. வேற யாரும் பாப்பாங்க.” கெமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த ரயிலுக்கு நின்றார்.

வேறு யாரோ பார்த்தார்கள். பெருநாளும் வந்தது. வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார், எப்போதும் போல.

இன்றைக்கு ஜனாஸா வீட்டுக்குப் போனேன். வாசலில் இரண்டு பெரியவர்கள். “போட்டோவுல பிறை வெச்ச மனிசன் தானே... நல்ல மனிசன், அது ஒண்டுதான்” என்றார் ஒருவர்.

பக்கத்தில் நானாவின் மகன் நின்றான். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. வெட்கம்.

அந்தப் பிறையை வைத்தவள் நான். நிஸாம் நானா அல்ல. என் பெயர், என் முகம் எல்லாம் இந்தப் பதிவிலேயே இருக்கிறது. ஏசுவதானால் என்னை ஏசுங்கள்.

தெஹிவளையில் இருக்கும் நண்பர்களே, அன்றைக்கு அந்தப் படத்தை யாரையும் கேட்காமல் அனுப்பினீர்கள். இதையும் அனுப்புங்கள். முதலில் அவருடைய மகனுக்கு.

மன்னித்துக்கொள்ளுங்கள் நானா... போய் வாருங்கள்.