எந்தப் பக்கமும் இல்லாதவர்

கண்ணாடிக்காரருக்கு இரண்டு வேலை. வார நாட்களில், மாகாண எல்லைப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துவது. ஞாயிற்றுக்கிழமைகளில், கால்பந்து மைதானத்தின் கோட்டோரம் துணை நடுவராகக் கொடி பிடித்து ஓடுவது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தது பார்க்க வருகிறவர்களின் வாய்க்கு வசதியாகப் போயிற்று. "யோவ், உன் கடையிலேயே ஒண்ணு வாங்கி மாட்டுய்யா!" என்று யாராவது கத்தாத ஆட்டமே கிடையாது. அவர் திரும்பிப் பார்த்ததில்லை. எந்த அணி ஜெயித்தது என்று வீட்டில் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தக் கேள்வி வந்தது. அவர் பிறந்து குடியிருக்கும் மாகாணம், பல வருடம் மல்லுக்கட்டி, சர்வதேச ஆட்டங்களில் தனி அணியாக இறங்க அனுமதி வாங்கிவிட்டது. தனிக் கொடி, தனிப் பாட்டு, தனிச் சட்டை. தனி நாடு மட்டும்தான் இல்லை. அடுத்த மாதம் நாட்டு அணியும் மாகாண அணியும் முதல்முறையாக மோதப்போகின்றன. நட்பு ஆட்டம் என்றுதான் பெயர். கோட்டோரம் நிற்க இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற ஆள் வேண்டும்.

கால்பந்துச் சங்கச் செயலாளர் கடைக்கே வந்துவிட்டார். "நீங்க பொறந்தது அந்தப் பக்கம், பொழைப்பு இந்தப் பக்கம். உங்க பேரைச் சொன்னா ரெண்டு பேரும் தலையாட்டுறாங்க. நான் எந்தப் பக்கமும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மேட்ச் உங்களுக்கு."

இந்த வருடத்தோடு அவருக்கு நடுவர் வேலைக்கான வயது வரம்பு முடிகிறது. உள்ளூர் லீக்கைத் தாண்டாதவருக்கு இப்படி ஓர் ஆட்டம் இனி வராது. இருந்தும், "ஞாயித்துக்கிழமை போகட்டும், சொல்றேன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே புரியவில்லை. சொல்லும் முன் ஒருமுறை தன்னையே எட்டிப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு உள்ளூர் ஆட்டம் இல்லை; மதியம் மாகாண அணியின் முதல் ஆட்டம் டிவியில் வந்தது. மைத்துனன் புதுச் சட்டையை, கடை அட்டையைக்கூடப் பிய்க்காமல் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். "மாமா, இன்னைக்காவது கொஞ்சம் கத்துங்க. ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க."

"அவரா? எங்க கல்யாணத்துலயே யாரோ வீட்டு விசேஷம் மாதிரிதான் நின்னாரு" என்றாள் மனைவி.

ஆட்டம் முடியப்போகிற நேரம். மாகாண அணியின் குட்டைப் பையன் ஒருவன் பந்தை வாங்கிப் பாய்ந்தான். உதைத்தான். வலை குலுங்கியது. வீடே எழுந்து குதித்தது. கண்ணாடிக்காரரும் எழுந்தார். எழுந்து, விறைப்பாக நின்று, வலக்கையை நேராக உயர்த்தினார்.

ஆஃப்சைடு. எதிரணியின் காவலைத் தாண்டி நின்று பந்து வாங்கினான், கோல் செல்லாது என்று அர்த்தம்.

"மாமா! நம்ம பசங்களுக்கு, நம்ம வீட்டு நடுக்கூடத்துல நின்னு ஆஃப்சைடு குடுக்கறீங்களே, நியாயமா?"

அந்தக் காட்சியை டிவியில் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். பந்தை அவனுக்குத் தட்டிவிட்ட நொடியில் பையன் எதிரணியின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டியிருக்கவில்லை. கோல் செல்லும். மைத்துனன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான்.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. பார்வை பிசகவில்லை என்பது அவருக்குத் தெரியும். பையன் நின்ற இடத்தை அப்போதே பார்த்திருந்தார். பந்து காலைவிட்டுக் கிளம்பியதும், போ, உள்ளே போ என்று அவருக்குள் ஏதோ ஒன்று எழும்பியது. அதில் பதறித்தான் கை மேலே போனது, நாலு பேர் முன்னால் சொந்தப் பிள்ளையை மட்டும் கூடுதலாக அதட்டுகிற தகப்பன் மாதிரி. இத்தனை வருடம் இது எங்கே கிடந்தது? தனி அணி வந்ததும் முளைத்ததா? முன்பே இருந்து, கேட்பாரில்லாமல் கிடந்ததா? பல்லில் சிக்கியதை நாக்கு துழாவுவதுபோல் மாலைவரை துழாவிப் பார்த்தார். பிடிபடவில்லை.

மறுநாள் செயலாளருக்குப் போன் செய்தார். "வேற ஆளைப் பாருங்க."

"என்னங்க, பக்கம் முடிவு பண்ணிட்டீங்களா?"

"நான் பண்ணல. அதுவா ஆயிடுச்சு."

"உங்க பசங்களுக்குச் சாதகமா போயிடுவீங்கன்னு பயமா?"

"அது இல்லைங்க. நான் நின்னா, பாவம், பசங்களுக்கு ஒரு கோல்கூட விட மாட்டேன்."

அப்படியானால் டிக்கெட்டாவது வேண்டுமா என்று கேட்டார் செயலாளர். கண்ணாடிக்காரர் இரண்டு கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தால்தான் எப்போது கத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.