எங்கள் வீட்டில் இன்று ஒன்றரை ஷிப்ட்

அப்பாவுக்கு மறதி நோய். பனியன் கம்பெனியில் துணிகளைச் சரிபார்க்கும் செக்கிங் மாஸ்டராக இருந்தவர், இப்போது எங்கள் வீட்டையே அந்தக் கம்பெனி என்று நினைக்கிறார். அவரைத் தனியாக விட முடியாமல் என் மனைவி வாசல் தாண்டி மாதக்கணக்காகிறது.

இன்று மதியம் ஒரு பெண்ணும் ஒரு பையனும் வந்தார்கள். மறதி நோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள உதவும் தன்னார்வலர்கள். அந்தப் பெண்தான் என் மனைவியிடம் பேசினாள்.

"அய்யாவை நாங்க பாத்துக்கறோமுங்க. நீங்க வீரபாண்டியில நடக்கற கூட்டத்துக்குப் போய்ட்டு வாங்கக்கா. உங்களாட்ட இந்த நோய்க்காரங்கள ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறவங்க எல்லாம் வர்றாங்க."

நானும் வீட்டில்தான் இருந்தேன். மனைவி அவர்களை நம்பித்தான் போனாள்.

அப்பா அவர்களை வேலைக்கு வந்த ஆட்கள் என்று எடுத்துக்கொண்டார். நான் விற்க வைத்திருந்த ரிஜெக்ட் டி-சர்ட் மூட்டையைப் பிரித்து, கத்தரி கொடுத்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தார். பெரியவரிடம் மறுத்துப் பேசக்கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சியாம். வெட்டினார்கள்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பியபோது அப்பா வாசல் கேட்டைப் பூட்டிவிட்டார்.

"இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்டுங்க, ராத்திரி வரைக்கும் வேலை. லோடு ஏத்தாம யாரும் ஊட்டுக்குப் போகக்கூடாது."

"நான் ஓனர் சொல்றேன், விடுங்க" என்றேன்.

"ஓனர்னா ஆபீசுல போய் உக்காருங்க தம்பி."

அப்போதுதான் மனைவி வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. எங்கள் பேச்சைக் கேட்டவள் வெளியே நின்றபடியே, "மாமா, லோடு ஏத்தியாச்சுங்க!" என்றாள். கேட் திறந்தது.

"நாளைக்கும் வந்துரு கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்ன அப்பா, என்னிடம் திரும்பினார்.

"நீங்க வர வேண்டாமுங்க. சும்மாவே நின்னுட்டிருந்தீங்க."

மனைவி மறுத்துப் பேசவில்லை. அவளும் கூட்டத்தில் பயிற்சி எடுத்துவிட்டாள் போல.

பிசிறு வெட்ட ஆள் தேவைப்படும் கம்பெனிக்காரர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு அனுபவம் இல்லை. நாளை முதல் பழகிக்கொள்கிறேன்.